வயல் மண்ணின் கிருமிக்கு ஏன் இன்னும் ஊசி இல்லை?

பெரியப்பாவுக்குக் காலில் பட்டது பெரிய காயமே இல்லை. மாரி பிடித்து, மட்டக்களப்புப் படுவான்கரைப் பக்கம் வயல் வட்டைகளில் தண்ணீர் நிற்கத் தொடங்கியிருந்த நேரம். வாய்க்காலை அடைத்துக் கிடந்த ஆற்றுவாழையை இழுத்துப் போடும்போது மண்வெட்டி நுனி கணுக்காலுக்குக் கீழே உரசிவிட்டது. வயல் வாடியில் கிடந்த துணியைச் சுற்றிக்கொண்டு மிச்ச வேலையையும் முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். அடுத்த நாள் பெரியம்மா விரட்டியதால் போய் ஏற்பூசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டுக்கொண்டார். காயமும் காய்ந்துவிட்டது.

ஒன்பது பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. முதலில் பனடோல். அப்புறம் டெங்குவோ என்று இரத்தம் பார்த்தார்கள். எலிக்காய்ச்சலோ என்று யோசித்தார்கள். மாரியில் வயற்காரருக்குக் காய்ச்சல் என்றால் எவருக்கும் முதலில் அந்தச் சந்தேகம்தான் வரும். நெஞ்சுப் படத்தில் ஒரு நிழல் தெரிந்ததும் கசமோ (காசநோயோ) என்றார் ஒருவர். கடைசியில், இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சரில் வந்த பெயர் எங்கள் வீட்டில் எவருக்கும் வாயில் நுழையவில்லை: மெலியோய்டோசிஸ். பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தம் உள்ள மனிதர் அவர். இரண்டு கிழமைக்கு மேல் நரம்பு வழியே மருந்து ஏறியது, பிறகு மாதக்கணக்கில் குளிசை. ஆள் தப்பினார்.

கொஞ்சம் எழுந்து உட்காரத் தொடங்கிய நாளில் வார்டில் வைத்து என்னிடம் கேட்டார்: "ஏற்பூசி போட்டநான்தானே மனே, அது இதுக்குக் கேக்காதா?"

கேட்காது என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டேன். ஏன் கேட்காது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. அதை விளக்க எனக்குக் கிடைத்த எளிய வழி ரிச்சர்ட் டிட்போல் என்ற பிரித்தானிய விஞ்ஞானியின் ஆய்வுப் பாதை. போர்ட்டன் டவுனில் உள்ள பாதுகாப்பு அமைச்சின் ஆய்வுகூடத்தில் நீண்ட காலம் வேலை செய்து, பிறகு எக்சிட்டர் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். ஒன்றுக்கொன்று கடினமான மூன்று கிருமிகளை அடுத்தடுத்துக் கையில் எடுத்தவர். அவர் ஏறிய படிகளைப் பார்த்தாலே பெரியப்பாவின் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். மீதிப் பாதி விஞ்ஞானத்துக்கு வெளியே இருக்கிறது.

முதலில் ஏற்பூசி. ஏற்புக் கிருமியும் மண்ணில்தான் இருக்கிறது, காயம் வழியாகத்தான் நுழைகிறது. ஆனால் ஆளைக் கொல்வது கிருமியைவிட அது கக்கும் நஞ்சு. காயத்துக்குள் ஒரு மூலையில் கொஞ்சக் கிருமி இருந்தாலே போதும், நஞ்சு நரம்பு வழியே ஏறி உடம்பை வில்லாக வளைத்துவிடும். இது தெரிந்துவிட்டபடியால் வேலை இலகுவானது. 1890இல் பெர்லினில் பேரிங்கும் கிட்டசாட்டோவும் நஞ்சை முறிக்கும் பொருள் இரத்தத்தில் உருவாகிறது என்று காட்டினார்கள். 1920களில் பிரான்சில் கஸ்தோன் ரமோன், ஃபோர்மலின் கலந்து சூடாக்கினால் நஞ்சின் கொடுமை போய்விடும், உடம்புக்கு அதை அடையாளம் காட்டும் உருவம் மட்டும் மிஞ்சும் என்று கண்டார். இன்றைய ஏற்பூசியின் அடிப்படை அதுதான். கிருமியைத் தொடவே வேண்டாம், நஞ்சைப் பிடித்தால் போதும்.

டிட்போலின் தொடக்கமும் இதற்குப் பக்கத்து வீடு. ஏற்புக் கிருமியின் உறவுக்காரக் கிருமி ஒன்று, குளொஸ்ட்ரிடியம் பெர்பிரிஞ்சென்ஸ், ஆழமான காயத்துக்குள் வாயுவை உண்டாக்கிச் சதையை அழுகவைக்கும். முதலாம் உலகப் போரில் எருப் போட்ட பிரெஞ்சு வயல்களில் விழுந்த சிப்பாய்களுக்குக் கால் கைகளை வெட்ட வேண்டிவந்ததற்கு இது பெரிய காரணம். அந்தக் கிருமியின் முக்கியமான நஞ்சுக்கு அல்பா நஞ்சு என்று பெயர். அதை உருவாக்கும் மரபணுவைப் பிரித்தெடுத்து எழுத்தெழுத்தாகப் படித்து 1989இல் வெளியிட்டவர்களில் டிட்போல் ஒருவர். அந்த நஞ்சுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று வெட்டும் கத்தி, மற்றது கலத்தின் தோலைப் பற்றிப் பிடிக்கும் கை. அந்தக் கைப்பகுதியை மட்டும் தனியாக எடுத்து எலிக்கு ஊசியாகப் போட்டார்கள். அதில் கத்தி இல்லை, எலிக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு முழு நஞ்சையும் கிருமியையும் கொடுத்தபோது எலிகள் தப்பின. ரமோன் ஃபோர்மலினை வைத்துக் குருட்டுவாக்கில் செய்ததை, இந்தத் தலைமுறை எந்தத் துண்டு வேண்டும், எது வேண்டாம் என்று தெரிந்து வெட்டிச் செய்தது.

இரண்டாவது படி பிளேக். இதற்கு ஒரு தடுப்பூசி முன்பே இருந்தது. 1896 ஒக்டோபரில் பம்பாய்க்குப் போன வால்டெமர் ஹாஃப்கின் மூன்றே மாதத்தில் ஒன்றைத் தயாரித்து, 1897 ஜனவரி 10ஆம் திகதி முதலில் தனக்கே குத்திக்கொண்டார். பிளேக் கிருமியைச் சாற்றில் வளர்த்து, சூடாக்கிக் கொன்று, அப்படியே ஊசியில் ஏற்றியதுதான் அது. மூன்று மாதம்! இன்றைக்கு ஒரு தடுப்பூசிக்கு அனுமதிக் கடிதம் எழுதவே அதைவிட அதிக நாள் எடுக்கும். (1914இல் பிளேக் கொழும்புக்கும் வந்து சேர்ந்தது.) ஆனால் கொன்ற கிருமியை முழுசாகப் போட்டால் காய்ச்சலும் வலியும் அதிகம், மூச்சு வழியாகப் பரவும் பிளேக்குக்கு அது போதிய காவலும் தரவில்லை.

டிட்போலும் அவருடன் போர்ட்டனில் வேலை செய்த டயான் வில்லியம்சனும் 1990களில் வேறு வழி எடுத்தார்கள். பிளேக் கிருமி தன்னைச் சுற்றி எஃப்1 என்ற புரதத்தைப் போர்வையாகப் போர்த்திக்கொள்கிறது. வெண்குழியங்கள் அதை விழுங்கவிடாமல் தடுக்கும் போர்வை. இன்னொரு புரதம் வி. கிருமி நம்முடைய கலத்துக்குள் குத்தும் ஊசி ஒன்றின் நுனியில் அது உட்கார்ந்திருக்கிறது. எஃப்1 இல்லாமலே ஆளைக் கொல்லும் பிளேக் கிருமிகளும் உண்டு என்பதால் ஒன்றை மட்டும் நம்ப முடியாது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது, மூச்சில் கிருமியை இழுத்த எலிகளும் தப்பின. அந்தச் சேர்க்கை மனிதரில் பரிசோதிக்கும் கட்டம் வரைக்கும் போனது. நஞ்சு ஒன்றைப் பிடிக்கும் வேலை இங்கே போர்வையையும் ஊசி நுனியையும் சேர்த்துப் பிடிக்கும் வேலையாக மாறியதைக் கவனியுங்கள். கிருமியின் ஆயுதம் கூடக் கூட நாம் பிடிக்க வேண்டியதும் கூடுகிறது.

மூன்றாவதுதான் நம்முடைய ஆள்: மெலியோய்டோசிஸை உண்டாக்கும் பெர்கோல்டேரியா சூடோமல்லே. இதன் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

1911இல் ரங்கூனில் நோயியல் வைத்தியராக இருந்த அல்பிரட் விட்மோரும் அவருடைய உதவியாளர் சி.எஸ். கிருஷ்ணசாமியும் பிணப் பரிசோதனையில் ஒரு புதிய நோயைக் கண்டார்கள். நுரையீரலிலும் ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகள். செத்தவர்களில் பலர் மோர்பின் ஊசி போட்டுக்கொண்டு தெருவில் திரிந்த ஏழைகள். 1912இல் இருவரும் சேர்ந்து அதைப் பற்றி எழுதினார்கள். கிருமிக்கு நீண்ட காலம் விட்மோரின் பெயர் ஒட்டிக்கொண்டது. கிருஷ்ணசாமியை மருத்துவ மாணவர்கள்கூட அறியமாட்டார்கள். எனக்கு இதில் ஒரு சின்ன வருத்தம் உண்டு. 1921இல் கோலாலம்பூரில் இருந்த ஸ்டான்டனும் பிளெச்சரும் மெலியோய்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். 1927இல் இலங்கையில் ஒரு ஐரோப்பியருக்கு இந்த நோய் வந்ததைப் பற்றிய குறிப்பு வெளியானது. ஆக, நம்முடைய நாட்டில் இந்த நோய் பதிவாகி ஒரு நூற்றாண்டு ஆகப்போகிறது.

கிருமி ஈரமண்ணில் வாழ்கிறது. வெயில் காலத்தில் ஆழத்தில் கிடந்து, மழை பெய்து நிலத்தடி நீர் உயரும்போது மேலே வருகிறது. காயம் வழியாகவும், காற்றோடு தெறிக்கும் நீர்த்துளி வழியாகவும், குடிக்கும் நீர் வழியாகவும் உள்ளே போகும். இதன் முழு மரபுத்தொகுதி 2004இல் வெளியானது. எழுதியவர்கள் பட்டியலில் டிட்போலும் இருந்தார். ஏறத்தாழ 72 இலட்சம் எழுத்துகள், இரண்டு நிறமூர்த்தங்கள். பிளேக் கிருமிக்கு 46 இலட்சத்துச் சொச்சம்தான். மண்ணில், தண்ணீரில், அமீபாவின் வயிற்றில், மனிதரின் நுரையீரலில் என்று எங்கே விழுந்தாலும் பிழைக்கும் கிருமிக்குக் கருவிப்பெட்டி பெரிதாகத்தான் இருக்கும். சாதாரணமாகக் கொடுக்கும் பெனிசிலினும் ஜென்டமைசினும் இதற்குப் பெரும்பாலும் வேலை செய்யாததற்கும் அந்தப் பெட்டிதான் காரணம்.

தடுப்பூசிக்காரரைத் திணறவைப்பது வேறு ஒன்று. ஏற்புக் கிருமி வெளியே நின்று நஞ்சைக் கக்கும். இது நம்முடைய கலத்துக்குள் புகுந்துவிடும். விழுங்கிச் செரிக்க வந்த வெண்குழியத்துக்குள்ளேயே, அது அடைத்து வைத்த பையை உடைத்துக்கொண்டு தப்பி, கலத்தின் சொந்த நார்களை வால்போலக் கட்டிக்கொண்டு உந்தி, பக்கத்துக் கலத்தோடு இந்தக் கலத்தை ஒட்டவைத்துவிடும். அறைக்கு அறை சுவரை இடித்துக்கொண்டு போகிற மாதிரி. வாசலுக்கு வெளியே வராத திருடனை வாசல் காவல்காரன் எப்படிப் பிடிப்பான்? இரத்தத்தில் மிதக்கும் பிறபொருளெதிரிதான் அந்தக் காவல்காரன். ஏற்பூசிக்கு அது போதும். இதற்கோ, தொற்றிய கலத்தையே அடையாளம் கண்டு அழிக்கும் ரீ கலங்களும் வேண்டும். இரண்டையும் ஒரே ஊசியில் தட்டியெழுப்புவது கடினம்.

டிட்போலின் குழுவும் உலகின் மற்றக் குழுக்களும் கிருமியின் மேலே உள்ள சர்க்கரைப் போர்வையை எடுத்து முயன்றார்கள். பலவீனமாக்கிய உயிர்க்கிருமியை முயன்றார்கள். ஐக்கிய அமெரிக்காவில் போல் பிரெட்டும் மேரி பேர்ட்னிக்கும் அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு ஒட்டி, எச்சிபி1 என்ற இன்னொரு புரதத்தையும் சேர்த்து எலிகளில் நல்ல விளைவு கண்டார்கள். ஆனாலும் பல முயற்சிகளில் திரும்பத் திரும்ப ஒரே கதைதான் வந்தது: ஊசி போட்ட எலி செத்துப்போகாது, நெடுநாள் வாழும்; அறுத்துப் பார்த்தால் மண்ணீரலில் கிருமி இருக்கும். இது அற்பமான விஷயமில்லை. இந்தக் கிருமி மனித உடம்பிலும் பதுங்கத் தெரிந்தது. தொற்றிப் பல வருடம் கழித்து நோய் வெளிப்பட்டதாகப் பதிவுகள் இருக்கின்றன. தாமதப்படுத்தும் ஊசி போதாது, துடைத்தழிக்க வேண்டும். அனுமதி பெற்ற தடுப்பூசி எதுவும் இதற்கு இன்றுவரை இல்லை.

விஞ்ஞானம் சொல்லும் பதில் இவ்வளவுதான். மற்றதற்கு வருகிறேன்.

போர்ட்டன் டவுன் ஏன் இந்தக் கிருமியைக் கையில் எடுத்தது? படுவான்கரை விவசாயியை நினைத்தா? இல்லை. பிளேக், மெலியோய்டோசிஸ் போன்ற கிருமிகளை எவராவது ஆயுதமாக வீசினால் சிப்பாய்களைக் காக்க வேண்டுமே என்ற பயம்தான். ஐக்கிய அமெரிக்கா 2012இல் இதை மிகக் கடுமையான கட்டுப்பாடுள்ள கிருமிகளின் முதல் வரிசையில் வைத்தது. பணம் அந்தப் பயத்திலிருந்து வந்ததால் கேள்வியும் அந்தப் பயத்தின் கேள்வியாகவே இருந்தது: திடகாத்திரமான இளைஞன், மூச்சு வழியாக, ஒரே தடவையில் பெரும் அளவு கிருமியை இழுத்தால் காப்பாற்ற முடியுமா? ஆய்வுகூடத்து எலிகளும் அந்தக் கேள்விக்குத்தான் வளைந்து கொடுத்தன. இளசு, ஆரோக்கியம், சீனி இல்லை.

நம்முடைய நோயாளி அப்படியா? ஐம்பது தாண்டியவர், காலில் வெட்டு, உடம்பில் வருடக்கணக்காகச் சீனி. உலகம் முழுக்க இந்த நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நீரிழிவு இருக்கிறது. நீரிழிவு உள்ளவரின் வெண்குழியங்கள் ஏற்கெனவே சோர்ந்துபோனவை. அவருடைய நிர்ப்பீடனம் ஊசிக்கு எப்படி எழும்பும் என்பது இளம் எலியைப் பார்த்துச் சொல்லிவிட முடியாத விஷயம். சிப்பாய்க்குச் செய்த சட்டையைப் பெரியப்பாவுக்குப் போட்டால் தோளில் நிற்காது.

டிட்போலை நான் இங்கே தேர்ந்ததற்கு முக்கிய காரணம் 2012இல் ஷரன் பீகொக் முதலானோருடன் சேர்ந்து அவர் எழுதிய ஒரு மதிப்பாய்வு. பாதுகாப்புக்காகச் செய்யப்படும் மெலியோய்டோசிஸ் தடுப்பூசியைப் பொதுச் சுகாதாரத்துக்குப் பயன்படுத்த முடியுமா என்பதுதான் கேள்வி. தாய்லாந்தைக் கணக்கில் எடுத்துப் பார்த்துவிட்டு, நீரிழிவுக்காரர் போன்ற ஆபத்துக் கூடிய ஆட்களுக்கு மட்டும் போட்டால் செலவுக்கு ஏற்ற பலன் கிடைக்கலாம் என்றார்கள். ஊர் முழுக்க எல்லோருக்கும் குத்தத் தேவையில்லை. நம்முடைய பக்கத்துக்கு அதைப் பெயர்த்துப் பாருங்கள்: மாரிக்கு முன்னே, சீனி கிளினிக் வரிசையில் நிற்கும் வயற்காரருக்கு ஒரு ஊசி. வரிசை ஏற்கெனவே இருக்கிறது, கொப்பி இருக்கிறது, தாதியரும் இருக்கிறார்கள். ஊசிதான் இல்லை.

ஆனால் ஊசி வந்தாலும் எவருக்குப் போடுவது, எங்கே போடுவது என்று தெரிய நோய் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். இதுதான் எனக்குப் படுகிற பெரிய ஓட்டை. 1927இல் ஒருவர், அதன் பிறகு பல பத்தாண்டுகள் அங்கொன்றும் இங்கொன்றும். இந்த நூற்றாண்டில் கொழும்பு மருத்துவ பீடத்தின் நுண்ணுயிரியலாளர் எனோக்கா கொரேயாவும் அவரோடு சேர்ந்தவர்களும் தேடத் தொடங்கிய பிறகு எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் ஏறியது. மண் மாறவில்லை. மழையும் திடீரென்று புதிதாகப் பெய்யவில்லை. பார்க்கத் தெரிந்த கண்கள் ஆய்வுகூடங்களுக்குள் வந்தன. உலக அளவில் வருடத்துக்கு 1,65,000 பேருக்கு நோய், 89,000 மரணம் என்று 2016இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. அதில் பெரும்பகுதி பெயர் தெரியாத காய்ச்சலாகவே புதைக்கப்படுகிறது.

பார்க்கத் தெரிவது என்றால் என்ன? இரத்தத்தை வளர்ப்புப் போத்தலில் விட்டு, அது வளர்ந்ததும் கிருமி வளர்க்கும் ஏகார்த் தட்டில் தேய்ப்பார்கள். மறுநாள் தெரிவது சாதுவான வழுவழுப்பான சின்னப் பொட்டுகள். அவசரக்காரர் ஏதோ தூசியில் வந்த கிருமி என்று தட்டைக் கழித்துவிடுவார். நாலு நாள் வைத்திருந்தால் பொட்டு பெருத்து, வற்றி, வாடிய செவ்வரத்தம் பூப்போல மடிப்பு மடிப்பாகச் சுருங்கும். 1979இல் அவுஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் அஷ்டவுன் என்பவர் செய்த ஊதா நிறத் தட்டில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். நுணுக்குக்காட்டியில் இரு நுனியும் சாயம் பிடித்து நடு வெளுத்து, சேஃப்டி பின் மாதிரி. மழை பெய்த மண் வாசம் வரும் என்பார்கள். ஆனால் மூக்கை அருகே கொண்டுபோகக் கூடாது, மூச்சிலும் தொற்றும். ஜென்டமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அடங்காமல், கோ-அமொக்சிகிளாவுக்கு அடங்கினால் சந்தேகம் வலுக்கும். இவ்வளவும் மூன்று மருந்து வில்லைகளை வைத்துப் பார்க்கக்கூடிய வேலை. பெரிய இயந்திரம் வேண்டியதில்லை, பொறுமைதான் வேண்டும்.

பார்த்துவிட்டால் மருந்து இருக்கிறது. 1989இல், அல்பா நஞ்சுக் கட்டுரை வந்த அதே வருடம், தாய்லாந்தின் உபொன் ராச்சத்தானியில் நிக்கலஸ் வைட்டும் கூட்டாளிகளும் செஃப்டாசிடிம் என்ற மருந்து கடும் நோயாளிகளின் மரணத்தை 74 வீதத்திலிருந்து 37 வீதமாகக் குறைத்ததாக எழுதினார்கள். பாதி உயிர்கள். எந்தத் தடுப்பூசி விஞ்ஞானியும் இந்த நோயில் இன்னும் அந்த அளவு உயிரைக் காக்கவில்லை என்று சொன்னால் டிட்போலே கோபிக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

கிழக்கிலங்கை மண்ணைப் பற்றி இன்னொரு செய்தி. கடும் மழைக்குப் பிறகு இங்கே பத்துப் பேருக்கு ஒரே காலத்தில் இரத்தத்தில் இந்தக் கிருமி வளர்ந்தது. அதை ஆராய்ந்த கட்டுரை 2021இல் வந்தது. ஒரே கிணறோ ஒரே குளமோ காரணம் என்றால் கிருமிகள் ஒரே தாய்க்குப் பிறந்தவையாக இருக்க வேண்டும். நான்கு பேருடையது 594 என்ற ஒரே வகையாகத் தெரிந்தாலும், மரபுத்தொகுதியை முழுசாக வாசித்தபோது எல்லாம் வேறு வேறு. அதாவது ஊற்று ஒன்றில்லை. மழைதான் பல இடங்களில் கிடந்த பல கிருமிகளை ஒரே சமயத்தில் மேலே கிளப்பியிருக்கிறது. தடுப்பூசிக்காரருக்கு இது இன்னொரு தலையிடி. ஒரு வகையைப் பார்த்துத் தைத்த ஊசி பக்கத்து வட்டையின் வகைக்கும் பொருந்த வேண்டும்.

எலிக்காய்ச்சலுக்கு இந்தக் கரைச்சல் இல்லை. பிஎச்ஐமார் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள்) விதைப்புக் காலத்தில் கொடுக்கும் டொக்சிசைக்கிளின் குளிசையைக் கிழமைக்கு ஒருமுறை போட்டால் ஓரளவு காவல். அதையே இதற்கும் நம்பி இருக்க முடியாது. அவுஸ்திரேலியாவின் டார்வினில் மழைக்காலத்தில் மண்ணில் இறங்குவோருக்குப் பூட்ஸும் கையுறையும் போடச் சொல்கிறார்கள், புயல் மழையில் வெளியே நிற்க வேண்டாம் என்கிறார்கள். சொல்வது சரி. ஆனால் முழங்கால் வரை சேறு இழுக்கும் வயல் கண்டத்தில் இறப்பர் பூட்ஸோடு இறங்கி வரம்பு கட்டிப் பார்த்தவர் எவராவது அந்த அறிவுரையை எழுதினாரா என்று எனக்குச் சந்தேகம். பூட்ஸ் சேற்றில் நின்றுவிடும், கால் மட்டும் வெளியே வரும். காயம் இருக்கிற நாளில் இறங்காமல் இருப்பது, இறங்கினால் காயத்தை நீர்புகாமல் மூடுவது, ஏறியதும் நல்ல தண்ணீரில் கழுவுவது, சீனியைக் கட்டுக்குள் வைத்திருப்பது: இப்போதைக்கு எங்கள் கையில் இருப்பவை இவை. இரண்டு நாள் தாண்டிய காய்ச்சலோடு போகிறவர் "நான் வயல்காரன், எனக்குச் சீனி இருக்கு" என்று தானாகவே வைத்தியரிடம் சொன்னால் பிளட் கல்ச்சர் எடுக்கும் எண்ணம் அவருக்கு முந்தியே வரும்.

பெரியப்பாவின் குளிசைகள் முடிந்துவிட்டன. நோய் திரும்ப வரலாம் என்பதால் கிளினிக்குக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இந்த மாரிக்கும் வட்டைக்கு இறங்கினார். எவர் சொன்னாலும் கேட்கிற ஆள் இல்லை. மருமகன் வாங்கிக் கொடுத்த பூட்ஸ் வாடிக் கூரையில் தலைகீழாகத் தொங்குகிறது. கிளினிக் கொப்பியை மட்டும் சொப்பிங் பையில் சுற்றிச் சேட்டுப் பைக்குள் வைத்திருக்கிறார், நோயின் பெயர் எழுதிய பக்கம் மேலே தெரியும்படி மடித்து.